தற்போதைக்குத் தேவையில்லை

ஜூன் 3, திங்கள்

புது இடத்தில் வேலை, புது நாட்குறிப்பு. பழையது பிப்ரவரியோடு நின்றுவிட்டது. அதற்காக வருந்த இப்போது நேரமில்லை.

குடியிருப்புக் கழகத்தில் இன்று முதல் நாள். ஏழைகளுக்கு அரசு கட்டிக்கொடுக்கும் அடுக்குமாடி வீடுகளை ஒதுக்குவது, பழுது பார்ப்பது, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது எல்லாம் இவர்கள் பொறுப்பு. இத்தனை காலம் கோப்புகளில் செய்ததை இனிமேல் கணினியில் செய்யப்போகிறார்கள். எங்கள் கம்பெனியின் மென்பொருளை இவர்களுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்து உட்காரவைப்பது என் வேலை. பல வருஷமாக இதை அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். அவள் எங்கள் மூன்றாவது மாடி பால்கனியில் நின்று, "எங்க பிரமிளா கவர்மெண்டுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறா" என்று தெருவுக்கே அறிவிக்கிறாள்.

மென்பொருள் வெளிநாட்டுச் சரக்கு. அங்கேயும் அரசு வீடுகள் உண்டு. அதனால் நமக்கு உதவாத வசதிகள் ஏராளம். ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி "வேணுமா, வேண்டாமா" என்று கேட்பதுதான் முதல் கூட்டம். பதில் சொல்பவர் கழகத்தின் செயற்பொறியாளர் கஜபதி சார். நெற்றியில் விபூதி, பையில் மூன்று பேனா, வாயில் எப்போதும் ஒரு லவங்கம்.

"வாசல்ல விழற பனியை அள்றதுக்கு ஆள் அனுப்பறது. வேணுமா சார்?"

"தற்போதைக்குத் தேவையில்லைன்னு எழுதிக்குங்க மேடம்."

"தற்போதைக்கு எதுக்கு சார்? சென்னையில பனியா கொட்டப்போகுது?"

"அரசாங்கக் குறிப்புல எதையும் அடியோட வேண்டாம்னு எழுதக் கூடாது மேடம். நாளைக்கே கொட்டிடுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

இப்படியே போயிற்று. "ரெண்டு குடும்பம் தங்களுக்குள்ள வீட்டை மாத்திக்கறது" என்று ஒன்று வந்தது. அவர் சிரித்தார். "குலுக்கல்ல விழுந்த வீடு விழுந்ததுதான். அப்படி ஒரு வழக்கமே இங்க கிடையாது, எடுத்துடுங்க." எடுத்தேன். பனிக்குக் கீழே அதற்கும் அதே வாசகம். சாயங்காலம் பஜ்ஜி வந்தது, வாழைக்காய்.

ஜூன் 6, வியாழன்

அம்மாவின் கூடைக் கயிறு அறுந்துவிட்டது. பால்கனியிலிருந்து கூடையை இறக்கி, தெருவில் வருகிற கீரைக்காரி, தக்காளி வண்டி எல்லோரிடமும் வாங்குவாள். இன்று அரைக் கிலோ தக்காளி நடுவானில் புறப்பட்டு, கீழ்வீட்டு ஜெரால்டின் மண் மூட்டை மேல் விழுந்தது. நல்ல மனிதர். மொட்டை மாடியில் தோட்டம் போட்டிருக்கிறார். வீடு தரைத்தளத்தில், செடி உச்சியில். தண்ணீர் கேனும் எருவுமாக நாள் முழுவதும் படியேறிக்கொண்டே இருப்பார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

"தம்பி, தக்காளி விதையும் சேர்த்து விதைச்சாச்சு!" என்று அம்மா மேலிருந்து கத்தினாள். அவரும் அவர் மனைவி ரெஜினாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "இப்போதைக்கு வேண்டாம், வெயில் தாழட்டும்" என்றாள். அவளுக்கு மாடிக் காற்று போதும், எங்கும் போகப் பிடிக்காது. கடைசியாகக் கீழே இறங்கியது பொங்கலுக்கு என்று நினைக்கிறேன்.

புதுக் கயிறு வாங்க வேண்டும். நைலான்.

ஜூன் 14, வெள்ளி

கழகத்தின் குடியிருப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதலில் சோதிக்கிறோம். நீலமேகம் நகர், நான்கு மாடி, வரிசையாகக் கட்டடங்கள். நானும் கஜபதி சாரின் அலுவலக ஆள் ஒருவரும் வீடு வீடாகப் போனோம். டேப்லெட்டில் வீட்டு எண்ணையும் இருப்பவரின் போன் எண்ணையும் அடித்து, அவரைப் படம் எடுக்க வேண்டும். ஒதுக்கீடு பெற்றவர் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. இந்த வண்ண ஏற்பாடு நான் செய்தது. கூட்டத்தில் கை தட்டினார்கள்.

முதல் கட்டடம், தரைத்தளம், முதல் வீடு. வாசலில் பலகை போட்டு ஓர் அம்மாள் இட்லி விற்றுக்கொண்டிருந்தார். பெயர் தேசம்மாள். சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே இட்லிப் பானை, சட்னி, சில்லறை, தெருவில் போகிறவர்கள் சண்டை எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறார்.

"போட்டோ எடுக்கணும்மா."

"இரும்மா, மூஞ்சைத் தொடச்சிக்கறேன். எங்க வூட்டுக்காரு போனப்பால இப்பத்தான் ஒர்த்தி என்னைப் போட்டோ புடிக்கிறா."

எடுத்தேன். சிவப்பு. திரும்ப எடுத்தேன், சிவப்பு. அடுத்த வீட்டில் கண் தெரியாத பெரியவர், சிவப்பு. அதற்கடுத்து மாற்றுத்திறனாளி மகளோடு ஒரு தாய், சிவப்பு. தரைத்தளம் முழுக்கச் சிவப்பு. மாடியேறிப் போனால் அங்கேயும் சிவப்பு. என் மென்பொருளில் ஏதோ பிழை என்று வெயிலில் நின்றபடி பெங்களூருக்குப் போன் போட்டு, மேலாளர் தீபக்கோடு சண்டை போட்டேன்.

தேசம்மாள் இட்லி கொடுத்தார். தக்காளிச் சட்னி பிரமாதம்.

ஜூன் 15, சனி

பிழை மென்பொருளில் இல்லை.

தேசம்மாள் இருக்கும் வீடு ஆவணப்படி கோமதி என்பவருடையது. கோமதியும் அவர் கணவர் டெல்லிபாபுவும் நான்காவது மாடியில் இருக்கிறார்கள். அது ஆவணப்படி தேசம்மாளுடையது. டெல்லிபாபு ஆட்டோ ஓட்டுகிறார். வாசலில் வைத்துக் கேட்டேன்.

"ஆமா மேடம், மாத்திக்கினோம். குலுக்கல்ல அந்தம்மாக்கு நாலாவது மாடி வுழுந்துச்சு, எங்களுக்குக் கீழ வுழுந்துச்சு. அது கால வச்சிக்கினு எப்படி ஏறும்? நமக்கு இன்னா, ரெண்டு காலும் நல்லா கீது. மேல காத்தும் வருது, கொசு இல்ல."

"எழுதிக் கொடுத்தீங்களா? கழகத்துக்குச் சொன்னீங்களா?"

"எதுக்கு? அதான் பால் காச்சினோமே!"

இங்கே இதுதான் பத்திரப்பதிவு. வீடு மாற்றிக்கொள்ளும் இரண்டு குடும்பமும் ஒரே காலையில் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். பொங்கி வந்ததும் முதல் டம்ளர், அந்த வீட்டை விட்டுக்கொடுத்தவர்களுக்கு. கட்டடமே நின்று பார்க்கும். "பாலக் குடிச்சிட்டு அப்பால வூட்டைத் திருப்பிக் கேக்க முடியுமா மேடம்? அசிங்கமா இருக்காது?" என்றார் டெல்லிபாபு.

குடிவந்த புதிதிலேயே எல்லோரும் இப்படிச் செய்துகொண்டு விட்டார்கள். முடியாதவர்கள் எல்லாம் கீழே, தெம்புள்ளவர்கள் எல்லாம் மேலே. எனக்கு ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நல்ல ஜனங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முருங்கைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

ஜூன் 17, திங்கள்

கயிறு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 19, புதன்

மோசமான நாள். எழுதிவிட்டுப் படுக்க வேண்டும்.

சிவப்பு விழுந்தால், அங்கே இருப்பவரின் போனுக்குத் தானாக ஒரு குறுஞ்செய்தி போகும்படி செய்திருந்தேன். சோதனைக் காலத்தில் அதை நிறுத்திவைத்திருக்க வேண்டும். நிறுத்தவில்லை. தீபக் நிறுத்திவிட்டார் என்று நான் நினைத்தேன், நான் நிறுத்திவிட்டேன் என்று அவர் நினைத்தார். நீலமேகம் நகர் முழுக்கச் செய்தி போய்விட்டது.

தேசம்மாள் பலகையில் உட்கார்ந்திருந்தார், பானை அடுப்பில் இல்லை. போனை நீட்டினார்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீயே படி கண்ணு. இன்னா எழுதிக்கீது?"

படித்தேன். "அன்புடையீர், தங்களுக்கு ஒதுக்கப்படாத வீட்டில் தாங்கள் வசித்துவருவது தெரியவருகிறது. பதினைந்து நாட்களுக்குள் தங்களுக்குரிய வீட்டுக்கு மாறிக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். தவறினால் ஒதுக்கீடு ரத்து செய்யப்படும்."

அந்தத் தமிழ் நான் எழுதியது. 'அன்புடன்' என்பதைக் கூட்டத்தில் அடம்பிடித்துச் சேர்த்ததும் நான்தான். என் வாயாலேயே அதைப் படிக்கும்போது வெட்கமாக இருந்தது.

"அப்ப நான் மேல போவணுமா?"

"பார்க்கலாம்மா. நான் பேசறேன்."

"மேல ஏத்தறது ஒண்ணும் பெரிசில்ல. நாலு புள்ளைங்க சேந்தா தூக்கிம்போயி வச்சிருவாங்க. அப்பால எறக்கறதுக்கு யாரு வருவா? தெனத்திக்குமா வருவாங்க? மொத வாரம் வருவாங்க. அப்பால நானே வாணாம்னு சொல்லிருவேன். காத்து நல்லா கீது, இங்கியே இருக்கறேன்னுவேன். அவ்ளோதான். கடையும் போச்சி, மனுஷாளும் போச்சி."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மதியம் சாப்பாடு பிடிக்கவில்லை. குழம்பில் புளி அதிகம்.

ஜூன் 20, வியாழன்

கஜபதி சாரிடம் போனேன். செய்தியைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டேன். லவங்கத்தை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"கழகத்துப் பேர்ல போன செய்தி மேடம். தப்பா போச்சுன்னு எழுதினா, யாரு தப்புன்னு கேப்பாங்க. அப்புறம் ஒதுக்கீடு மாத்தி இருக்கறது உண்மைதானே? விதின்னு ஒண்ணு இருக்கே."

தீபக் போனில், "வாடிக்கையாளரோட விதி, நமக்கென்ன? ஆகஸ்டுக்குள்ள தொடங்கியாகணும்" என்றார். அவர்மேல் கோபம் வந்தது. போன மாதம் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன், அதனால் சண்டை போடவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

காலையிலேயே ஞாபகம் வந்து துள்ளி எழுந்தேன். வீடு மாற்றிக்கொள்ளும் வசதி! வெளிநாட்டில் அதற்கென்று தனி ஏற்பாடே வைத்திருக்கிறார்கள். இரண்டு குடும்பமும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், ஒதுக்கீடே மாறிவிடும். சிவப்பு பச்சையாகும். நான் எடுத்துப் பனியோடு சேர்த்து மூட்டைகட்டி வைத்த அதே வசதி.

அம்மா கேட்டாள், "என்னடி தனியா சிரிக்கறே?" சொன்னேன். "அதைப் போய் யாராவது எடுப்பாங்களா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் ஒரு குட்டு.

ஜெரால்ட் இன்றைக்கு ஒரு எலுமிச்சைச் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு ஏறினார். எங்கள் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். அம்மா மோர் கொடுத்து, வேப்பம்புண்ணாக்கு எவ்வளவு போட வேண்டும் என்று பாடம் நடத்தினாள். மொட்டை மாடித் தோட்டத்தை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஜூன் 25, செவ்வாய்

கஜபதி சார் எதையும் சொன்னால் கேட்கமாட்டார், காட்டினால் பார்ப்பார். எனவே கட்டடத்தின் படத்தைத் திரையில் போட்டேன். ஒவ்வொரு வீடும் ஒரு கட்டம். முதியவர், உடல் முடியாதவர் இருக்கும் கட்டங்களுக்கு மஞ்சள்.

முதலில் ஆவணப்படி. மஞ்சள் கண்டபடி சிதறிக் கிடந்தது. நான்காவது மாடியில்தான் அதிகம்.

பிறகு உண்மையில் இருக்கிறபடி. மஞ்சள் அத்தனையும் அடிவரிசையில் வந்து உட்கார்ந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது யாரு போட்ட ஒதுக்கீடு?"

"யாரும் போடல சார். அவங்களே போட்டுக்கிட்டாங்க."

அடிவரிசைக் கட்டங்களை விரல்விட்டு எண்ணினார். பிறகு சொன்னார்: "எல்லா இடத்துலேர்ந்தும் கீழ்வீடு குடுங்கன்னு மனு வந்துட்டே இருக்கும் மேடம். பதில் எழுதி எழுதி என் கை தேஞ்சுபோச்சு. நீலமேகம் நகர்லேர்ந்து மட்டும் ஒரு மனு வந்ததில்ல. தொந்தரவு இல்லாத ஜனங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அந்த வசதியைத் திரும்பச் சேர்க்கலாமா சார்? வேண்டாம்னு நாமதான் எழுதிட்டோம்."

"வேண்டாம்னு எங்க எழுதினோம்?" மூன்று பேனாக்களில் பச்சையை எடுத்தார். "கூட்டக் குறிப்பை எடுங்க. என்ன இருக்கு? தற்போதைக்குத் தேவையில்லை. இப்ப தேவைப்படுது. அந்தத் தற்போதை முடிஞ்சுபோச்சு."

எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது. தலைமை அலுவலகத்துக்குக் கோப்பைத் தபாலில் அனுப்பாமல் அவரே கையில் எடுத்துக்கொண்டு போனார். பதில் வரும் வரை யாரையும் காலி செய்யச் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார், அதை மட்டும் எழுதித் தரமாட்டாராம்.

ஜூலை 2, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது! நீலமேகம் நகருக்கு மட்டும், முன்னோட்டமாக. தீபக் "கூடுதல் வேலை" என்று முனகினார். முனகட்டும்.

ஜூலை 5, வெள்ளி

முகாம். குடியிருப்பின் நடுவில் பந்தல், மேஜை, டேப்லெட். ஜோடி ஜோடியாகக் குடும்பங்கள் வந்து கையெழுத்துப் போட்டன. கல்யாண வீடு மாதிரி கூட்டம். கஜபதி சாருக்கு யாரோ சந்தனம்கூடப் பூசிவிட்டார்கள்.

டெல்லிபாபு கோமதியைக் கூட்டிவந்தார். "இன்னொரு வாட்டி பால் காச்சணுமா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம், கையெழுத்துப் போதும் என்றேன். "கையெழுத்து போட்டாதான் கவர்மெண்டு நம்பும், பால் காச்சினாதான் நாங்க நம்புவோம்" என்று கோமதி சொன்னார். பந்தலே சிரித்தது.

தேசம்மாளின் முறை வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். படம் எடுத்தேன். பச்சை. டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினேன். அதைத் தடவிப் பார்த்தார், கண் கலங்கியது. எனக்கும்தான். கஜபதி சார் பந்தல் கம்பைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

பிறகு தேசம்மாள் விசாரணையைத் தொடங்கினார். "உன் வூடு எங்க கண்ணு?"

"நங்கநல்லூர்."

"மாடியா?"

"மூணாவது மாடி."

"லிஃப்டு கீதா?"

"இல்ல."

"கூட யாரு?"

"அம்மா மட்டும்தான். முட்டி வலி."

"எறங்குறாங்களா?"

"அவங்களுக்கு மாடிக் காத்து ரொம்பப் பிடிக்கும்மா" என்றேன். சொன்னது என் காதிலேயே விழுந்தது.

தேசம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெட்வொர்க் போய்விட்டது என்று சொல்லிவிட்டு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 6, சனி

கயிறு வாங்கக் கடைக்குப் போனேன். நைலான் கயிற்றை அளந்து வெட்டப்போனார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். ரெஜினா திறந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கொசுவைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். ஜெரால்ட் ஒரு தொட்டியோடு வந்து நின்றார். ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்: நீங்கள் மேலே, நாங்கள் கீழே. இரண்டும் சொந்த வீடு, ஒரே அளவு. குடியிருப்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க ஏப்ரல்லயே ஆன்ட்டிகிட்ட கேட்டோமே" என்றார் ரெஜினா. "வேண்டாம்னு சொல்லிட்டாங்க. உங்களுக்குச் சொல்லலையா?"

படியேறி வந்தேன். அம்மா பால்கனியில், வழக்கமான இடத்தில்.

"ஏம்மா வேண்டாம்னு சொன்னே?"

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "உனக்கு மேல்வீடுதானே பிடிக்கும். அப்பா ஆசையா வாங்கினது. நாள் பூரா வெளியில அலைஞ்சிட்டு வர்றே, வந்து ஜன்னல்கிட்ட உக்காந்தாதான் உன் முகம் தெளியுது. ஒரு கிழவிக்காகக் கொசுக்கடியில கொண்டுபோய் உன்னை உக்காத்தி வைக்கணுமா?"

"உனக்குத்தான் மாடிக் காத்து பிடிக்கும்னு நான்..."

"காத்தைக் கொண்டுபோய்க் கடல்ல போடு" என்றாள். "கீரைக்காரி முகத்தைக் கிட்டப் பார்த்து எத்தனை நாளாச்சு தெரியுமா? உச்சந்தலை மட்டும்தான் தெரியுது. அவளுக்கு முடி கொட்டுது, அதுகூட எனக்கு அப்படித்தான் தெரியும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் அவள் மடியில் படுத்து நன்றாக அழுதேன்.

ஜூலை 14, ஞாயிறு

வீடு மாற்றிக்கொண்டோம்.

அம்மா படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். ஜெரால்ட் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அந்தந்தத் தளத்துக்காரர்களிடம் நலம் விசாரித்தாள். கீழே வந்ததும் எங்கள் கைகளை உதறிவிட்டு, கைத்தடியை ஊன்றி நின்றாள்.

பால் காய்ச்ச வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். இரண்டு பாக்கெட் மேலே, இரண்டு பாக்கெட் கீழே. பொங்கி வந்தது. முதல் டம்ளரை ரெஜினாவிடம் கொடுத்தேன். அவர்கள் வீட்டு முதல் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெரால்ட் மேலிருந்து ஓடிவந்தார். அது அம்மாவுக்கு.

"ஆன்ட்டி எங்கே?" என்று கேட்டார்.

உள்ளே தேடினேன், இல்லை. வாசலுக்கு வந்தேன். கேட் திறந்து கிடந்தது. தெருக்கோடியில், கீரை வண்டிக்குப் பக்கத்தில், கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அம்மா பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். "வர நேரமாகும், நீங்க குடிங்க!" என்று கையை ஆட்டினாள்.

பால் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறட்டும்.